தங்குவதற்குக் காரணம்

1

கோயம்புத்தூரில் கணினி வேலை பார்க்கும் என் அண்ணன் மகள் நித்யா போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் நான்கு வட்டங்கள். உனக்குப் பிடித்தது, உனக்கு நன்றாக வருவது, உலகத்துக்குத் தேவையானது, உனக்குச் சம்பளம் தருவது. நான்கும் கூடுகிற நடு இடத்தில் ‘இக்கிகாய்’ என்று எழுதியிருந்தது. காலையில் எழுந்திருக்க ஒரு காரணம், ஜப்பான்காரர்கள் நூறு வயது வரை சிரித்த முகமாக இருப்பதன் ரகசியம் என்று கீழே விளக்கம். ‘அத்தை, உங்க இக்கிகாய் என்ன?’ என்று கேட்டு ஒரு சிரிக்கும் பொம்மை முகமும் போட்டிருந்தாள்.

நம்மூரில் இப்போது இந்த வார்த்தை காபிக் கோப்பை வரைக்கும் வந்துவிட்டது என்று கேள்விப்படுகிறேன். உங்களுக்கு அது புதிதாக இருக்கலாம். யாங்கோனில் என் மகன் மூன்று வருடமாக ஜப்பானிய மொழி படிக்கிறான். எங்கள் வீட்டில் அந்த வார்த்தை எப்போதோ பழசாகிவிட்டது. நித்யா அனுப்பிய படத்தை அவனிடம் காட்டினேன். ஜப்பானில் இந்த மாதிரி வட்டமெல்லாம் யாரும் போடுவதில்லை, வெளியாட்கள் யாரோ போட்டுக் கொடுத்தது என்று அவனுடைய ஆசிரியை சொன்னாராம். சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

நித்யாவுக்கு நான் பதில் போடவில்லை. நல்ல பெண், அக்கறையாகத்தான் கேட்டாள். ஆனாலும் எனக்கு எரிச்சலாக வந்தது. பிறகு என் கணவரின் தெவசம் வந்தது. அன்றைக்கு வீட்டில் நடந்த ஒரு பேச்சுக்குப் பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

யாங்கோனின் இன்சீன் பகுதியில் நாங்கள் இருக்கும் மூன்றாம் மாடியில் காலையில் எழுந்திருக்க ஒரே காரணம் கரண்ட். அது எப்போது வரும் என்று ஒரு அட்டவணை இருக்கிறது. அட்டவணைக்கும் கரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. வந்தவுடன் மோட்டாரைப் போட வேண்டும், அரிசியைக் குக்கரில் வைக்க வேண்டும், இரண்டு போன்களையும் சொருக வேண்டும். எதையாவது மறந்தால் அன்றைய பொழுது நாசம். இதைச் செய்ய எந்த ஜப்பான்காரரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அது முடிந்ததும் மகனை வகுப்புக்குக் கூட்டிப் போகிறேன். பெயர் சரவணன். வீட்டில்தான் சரவணன், பள்ளிக்கூடப் பதிவில் அவனுக்கு ஒரு பர்மியப் பெயர் உண்டு, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் அப்படித்தான். ஜப்பானிய வகுப்பில் ‘சாராசான்’. இருபத்திரண்டு வயது. அந்த வயதுப் பையனை அம்மா கூட்டிப் போகிறாள் என்றால் நம்மூரில் சிரிப்பீர்கள். இங்கே யாரும் சிரிப்பதில்லை. பையன்களைப் படைக்கு எடுக்கும் சட்டம் வந்த பிறகு தெருவில் தனியாகப் போகிற பையன்கள் சிலர் வீடு திரும்பவில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் தொடமாட்டார்கள் என்று எங்களுக்குள் ஒரு பேச்சு. யார் கிளப்பிவிட்டது என்று தெரியாது. உண்மையா என்றும் தெரியாது. உண்மையா என்று சோதித்துப் பார்க்கவா முடியும்? அதனால் எல்லா அம்மாக்களும் கூடவே போகிறோம்.

நகரைச் சுற்றி வரும் வட்ட ரயிலில் லேடான் பகுதிக்குப் போகிறோம். அவன் எதிர் இருக்கையில் உட்காருவான். ரயிலில் தமிழ் பேசாதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறான். பேச என்ன இருக்கிறது, நான் பையை மடியில் வைத்துக்கொண்டு அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டே போவேன். வகுப்பு ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கிறது. அவன் உள்ளே போனதும் நான் படிக்கட்டில் உட்கார்ந்துவிடுவேன். என்னைப்போல ஐந்தாறு அம்மாக்கள். ஒருத்தி கம்பளி பின்னுவாள், ஒருத்தி ஜெபமாலை உருட்டுவாள், நான் வெங்காயம் உரிப்பேன். மேலே முப்பது தொண்டைகள் ஒன்றாகக் கத்தும்: நான் மியன்மாரிலிருந்து வருகிறேன், கடுமையாக உழைப்பேன், தயவுசெய்து என்னைக் கவனித்துக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் அதே படியில் உட்கார்ந்தால் கழுதைக்கும் கொஞ்சம் ஜப்பானியம் வரும். எனக்கும் வந்தது.

மதியம் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தெருவுக்குப் போய்க் கயிற்றில் கட்டுவேன். இங்கே எல்லா மாடி வீட்டுப் பால்கனியிலிருந்தும் நுனியில் கொக்கி வைத்த ஒரு கயிறு தெருவரை தொங்கும். கீழே கட்டி ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும். அவன் எட்டிப் பார்த்துத் தூக்கிக்கொள்வான். படியேறிப் போய்க் கொடுக்கலாம்தான். வகுப்புப் பிள்ளைகள் முன்னால் நான் வந்து நிற்பது அவனுக்குப் பிடிக்காது.

3

நான் பரமக்குடிக்காரி. என்னைக் கட்டிக்கொடுக்கும்போது வெளிநாட்டு மாப்பிள்ளை என்று தெருவே பொறாமைப்பட்டது. வெளிநாடு என்றால் அப்பாவுக்குத் துபாய். பர்மாவும் கடலுக்கு அந்தப் பக்கம்தானே, எல்லாம் ஒன்றுதான் என்று நினைத்துவிட்டார். மாப்பிள்ளை ஷ்வேப்யிதாவில் ஒரு தையல் ஆலையில் கொதிகலன் ஓட்டுபவர். துணி தேய்க்கும் பெட்டிகளுக்கு நீராவி அனுப்புகிற வேலை. அவருடைய பாட்டனார் ரயில் பட்டறையில் வேலை பார்க்க வந்து இன்சீனிலேயே தங்கிவிட்ட குடும்பம். பெண் மட்டும் ஊரிலிருந்து வேண்டும் என்று பிடிவாதமாக வந்து என்னைக் கூட்டிப்போனார்கள்.

குறை சொல்ல முடியாது. பெரிய உருவம், மெல்லிய குரல். வேலையிலிருந்து வந்தால் உடம்பெல்லாம் ஈரத்துணி வாடை வீசும். அவர் பேசிய தமிழ் எனக்குப் பழைய நாடகத்தமிழ் மாதிரி இருந்தது. பாதியில் பர்மியச் சொல் வந்து குதிக்கும். நான் திருத்துவேன். அவர் ‘யாபாதே’ என்பார். பரவாயில்லை, போகட்டும், சரிதான், எல்லாவற்றுக்கும் இந்த ஊரில் அந்த ஒரு சொல்தான். சாகும்வரை அவரை என்னால் திருத்த முடியவில்லை. அவர்தான் என்னைத் திருத்தினார். இப்போது எனக்கும் முதலில் அந்தச் சொல்தான் வாயில் வருகிறது.

மகனுக்குத் தமிழ் புரியும், பேச்சு பர்மியத்தில். என்னிடம் மட்டும் ஏதோ விருந்தாளியிடம் பேசுகிற மாதிரி பொறுக்கிப் பொறுக்கித் தமிழ் பேசுவான். அம்மா என்று கூப்பிட்டதே இல்லை, பர்மியத்தில் ‘அமே’தான். சின்ன வயதில் அடித்துக்கூடப் பார்த்தேன். அவன் கனவு எந்த மொழியில் வருகிறது என்று எனக்குத் தெரியாது. இப்போது ஜப்பானிய மொழி வேறு சேர்ந்துகொண்டது. தூக்கத்தில் பேசினான் என்றால் எனக்கு நிச்சயம் புரியாத ஏதோ ஒன்றில்தான் பேசுகிறான்.

4

ஊரெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்ற அந்தக் கொரோனா மழைக்காலத்தில் என் கணவர் போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரியில் இடம் இல்லை. வீட்டிலேயே படுக்கையில் கிடந்தார். சரவணன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றான். அப்போது பள்ளிப் பையன். ஒரு டாக்டர் போனிலேயே எல்லா வீட்டுக்கும் வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். புண்ணியவதி, பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: மல்லாக்கப் போடாதீர்கள், குப்புறப் படுக்க வையுங்கள், மூச்சு கொஞ்சம் எளிதாகும்.

எங்களால் அவரைத் திருப்ப முடியவில்லை. பெரிய உடம்பு என்று சொன்னேனே. நான் தோளைத் தள்ளினேன், மகன் காலைப் பிடித்து இழுத்தான். அவர் முனகினார். கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. வலிக்கிறது போல என்று பயந்து விட்டுவிட்டோம். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி முயற்சி செய்தோம். மூன்றாம் தடவை அவரே வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். யாபாதே என்றுதான் சொல்ல வந்திருப்பார். அடுத்த நாள் மதியத்துக்குமேல் அவர் இல்லை. திருப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று அந்த டாக்டரைக் கேட்கவில்லை. அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

இதை நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டதே கிடையாது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவன் ஜப்பானுக்குப் போகப் போகிறேன் என்றான். எல்லாப் பிள்ளைகளும் சொல்வதுதான். என்ன வேலைக்கு என்றதற்கு, முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்றான். ஆண்பிள்ளை, தொழிற்சாலை வேலைக்குப் போகலாமே என்று நான்தான் மூக்கைச் சுளித்தேன்.

மொழி வகுப்போடு அந்த வேலைக்கான பயிற்சியும் உண்டு. ஒருநாள் சாயந்திரம் வந்தவன் பையைக்கூட வைக்காமல், ‘அமே, கொஞ்சம் படுங்க’ என்றான். படுத்தேன். பக்கத்தில் குனிந்து ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னான். தொடுவதற்கு முன்னால் என்ன செய்யப்போகிறோம் என்று படுத்திருக்கும் முதியவரிடம் சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டுமாம், அது முதல் பாடம். பிறகு என் கையை மார்பின் குறுக்கே வைத்தான். முழங்காலை மடக்கி நிறுத்தினான். தோளில் ஒரு கை, முழங்காலில் ஒரு கை. லேசாகத் தன் பக்கம் இழுத்தான். நான் புரண்டு அவன் முகத்தைப் பார்த்துப் படுத்திருந்தேன். எப்படிப் புரண்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நானும் லேசான ஆள் இல்லை.

‘இவ்வளவுதான் அமே,’ என்றான்.

மறுபடி மல்லாக்கப் படுக்க வைத்தான். மறுபடி திருப்பினான். எப்போதும் நம் பக்கம்தான் திருப்ப வேண்டும், அந்தப் பக்கம் தள்ளிவிடக் கூடாது, விழுந்தால் பிடிக்க முடியாது, முகத்தையும் பார்க்க முடியாது, முகத்தைப் பார்த்தால்தான் வலிக்கிறதா என்று தெரியும் என்று விளக்கினான். ஒரு காலை வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டார்களாம். அன்றைக்கு அவன் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடச் சொல்லவில்லை.

5

ஜப்பானில் ஒரு முதியோர் இல்லம் அவனைத் தேர்ந்தெடுத்தது. போனில் முகம் பார்த்து நேர்காணல் நடந்தது. வகுப்பில் ஐந்து பேருக்கு இடம் கிடைத்தது. மூன்று பெண்கள், இரண்டு பையன்கள். எல்லோரும் ஒரே நாளில் பாஸ்போர்ட் எடுத்தார்கள். பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. அப்போதுதான் அந்த வயது ஆண் பிள்ளைகள் வெளிநாட்டு வேலைக்குப் போகக்கூடாது என்று ஆனது. பெண்கள் மூவரும் பறந்தார்கள். பனியில் நின்று இரண்டு விரலைத் தூக்கிக் காட்டி அவர்கள் அனுப்பும் படங்களை மகன் பார்த்துவிட்டு ஒரு இதயக் குறி போடுவான். பெட்டியில் இப்போது நான் கம்பளி வைத்திருக்கிறேன்.

இன்னொரு பையன் கோ தெட். எங்கள் வீட்டுக்கு வந்தால் ரசத்தைத் தம்ளரில் வாங்கிக் குடிப்பான். போன வருடம் ஒருநாள் காட்டு வழியாக எல்லை தாண்டி தாய்லாந்துக்குப் போகிறேன் என்று சரவணனையும் கூப்பிட்டான். சரவணன் போகவில்லை. கோ தெட் போனான். அவனுடைய போன் இன்றைக்குவரை அணைந்தே கிடக்கிறது. அவனுடைய அம்மா இப்போதும் சில நாள் வகுப்புப் படியில் வந்து எங்களோடு உட்கார்ந்திருக்கிறாள். யாரும் எதற்கு வந்தாய் என்று கேட்பதில்லை.

இதையெல்லாம் சொன்னால் பரமக்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணன் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

‘ஏத்தா, இன்னும் அங்க கெடந்து என்ன செய்யப் போற? அவனையுங் கூட்டிக்கிட்டு வந்து சேரு. மாடி ரூம் சும்மாதான் கெடக்கு.’

வரலாம் அண்ணே. நான் இந்தியப் பாஸ்போர்ட், இன்றைக்கு நினைத்தால் நாளைக்குச் சென்னை. அவன் இந்த ஊர்க் குடிமகன். அவனிடம் இருப்பது வேலைக்குப் போகிறவர்களுக்கான பாஸ்போர்ட். ஜப்பானுக்கென்று ஆசையாகப் போய் அதை எடுத்தோம். சும்மா ஊர் பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு வகை உண்டு. அதை மாற்றித் தாருங்கள் என்று நான்கு அலுவலகம் ஏறி இறங்கிவிட்டேன். இங்கே இல்லை, அங்கே. அங்கே இல்லை, அடுத்த மாதம். அடுத்த மாதம் போனால் அந்த அதிகாரி மாறிவிட்டார். மாமன் வீட்டுக்குப் போகிறான் என்று விமான நிலையத்தில் சொல்லிப் பார்க்கலாம் என்றார் ஒரு தரகர். திருப்பி அனுப்பினால் அப்படியே வீட்டுக்குத்தான் அனுப்புவார்கள் என்று என்ன நிச்சயம் என்று கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எனக்கும் ஒரு அலுவலகம் உண்டு. வருடா வருடம் நான் இங்கே தங்குவதற்கு அனுமதி வாங்க வேண்டும். அவர் இருந்தவரை அவர் பெயரைச் சொன்னால் போதும். அவர் போன பிறகு, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் இளைஞர் ஒவ்வொரு முறையும் கேட்கிறார்: ‘அன்ட்டி, கணவர் இல்லை. பிறகு இங்கே தங்குவதற்கு என்ன காரணம்?’ மரியாதையாகத்தான் கேட்பார். மகன் என்பேன். தலையாட்டி முத்திரை குத்துவார். நித்யா நான்கு வட்டம் போட்டுக் கேட்ட கேள்வியை இந்தப் பிள்ளை வட்டம் போடாமல் வருடத்துக்கு ஒருமுறை கேட்கிறது.

6

தெவசத்தன்று கோயில் ஐயரை வைத்து முடிந்ததைச் செய்தோம். காக்கைக்குச் சோறு வைக்க மட்டும் இந்த ஊரில் கவலையே இல்லை. பரமக்குடியில் கா கா என்று தொண்டை வற்றக் கூப்பிட வேண்டும். இங்கே இலையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போகும்போதே ஒரு கூட்டம் வரிசை கட்டி நிற்கும். எந்தக் காக்கை அவர் என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். பெரிதாக, அவசரமில்லாமல் இருந்த ஒன்றுக்கு மகன் வடையைத் தனியாக நகர்த்தி வைத்தான்.

அன்று மதியம் ஜப்பானிலிருந்து போன் வர வேண்டிய நாளும்கூட. அந்த முதியோர் இல்லத்தின் தலைவர் மாதம் ஒருமுறை மகனோடு முகம் பார்த்துப் பேசுவார். வெள்ளை முடி, குழந்தை முகம். உன் இடம் உனக்காகக் காத்திருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. முடியாது என்று அவர் ஒரு தடவை சொல்லிவிட்டால் இந்தப் பையன் வேறு எதையாவது பார்ப்பான்.

மகன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை மேலே, கைலி கீழே, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். நான் அடுப்படித் திரைக்குப் பின்னால் நின்றேன். தலைவர் முதலில் உடம்பு, சாப்பாடு, வானிலை எல்லாம் விசாரித்தார். பிறகு உன் இக்கிகாய் என்ன என்று கேட்டார். நேர்காணலிலும் கேட்ட கேள்விதான். அதற்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று உண்டு. படிக்கட்டில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம்: முதியவர்களின் சிரித்த முகம். முப்பது பேரும் அதைத்தான் சொல்வார்கள். மகன் அதைச் சொல்லவில்லை. ‘ஹஹா தேசு’ என்றான்.

ஹஹா என்றால் என் அம்மா. தேசு என்றால் ஆகும், அவ்வளவுதான். பெரியவர் கைதட்டியே விட்டார். ரொம்ப நல்லது, ரொம்ப நல்லது என்று இரண்டு தடவை சொன்னார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்னை அம்மா என்று ஒருநாளும் கூப்பிடாத பிள்ளை, எந்த மொழியில் சொன்னால் என்ன. அடுப்பில் பாயசம் அடிப்பிடித்ததுகூடத் தெரியாமல் நின்றேன்.

சாப்பிடும்போது என் சந்தோஷத்தை அடக்க முடியவில்லை. நீ சொன்னதைக் கேட்டேன், எனக்குப் புரிந்தது என்றேன். அவன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

‘சந்தோசப்படாதீங்க அமே. நல்லதா சொல்லல.’

பிறகு பர்மியமும் தமிழுமாகக் கலந்து சொன்னான். எந்தக் காரணத்துக்காகக் காலையில் எழுந்திருக்கிறாய் என்று பெரியவர் கேட்டார். யோசித்துப் பார்த்தானாம். கோ தெட் கூப்பிட்ட அன்று ஏன் போகவில்லை, ஏன் இன்னும் வகுப்புக்குப் போய்க் கத்திக்கொண்டிருக்கிறான், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வந்ததாம். தான் போய்விட்டால் அமே இந்த மூன்றாம் மாடியில் தனியாக இருப்பாள். அதனால் பொய் சொல்லாமல் அதையே சொன்னானாம்.

‘நீங்க இருக்கீங்க, அதனால நான் இருக்கேன். நான் இருக்கேன்னு நீங்க இருக்கீங்க. இப்படியே ரெண்டு பேரும் இங்கேயே முடிஞ்சு போயிடுவோம் அமே. இந்த வருசம் பெர்மிட் போடாதீங்க. மாமா வீட்டுக்குப் போயிடுங்க.’

நான் போய்விட்டால் நீ என்ன செய்வாய் என்று கேட்டேன். போவேன் என்றான். எந்த வழியாக என்று நான் கேட்கவில்லை. விமானத்தில் போகமுடியாதவன் எந்த வழியாகப் போவான் என்று கோ தெட்டின் அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியில் உட்காருகிற எனக்குத் தெரியாதா. பிடிபட்டால் என்ன என்று கேட்டேன். இங்கே இருந்தால் மட்டும் பிடிபடமாட்டேனா, ரயிலில் எதிர் சீட்டில் நீங்கள் இருந்தால் விட்டுவிடுவார்களா, அதை நீங்கள் நிஜமாகவே நம்புகிறீர்களா என்று கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பால்கனியில் காக்கைகள் இலையையே கிழித்துக்கொண்டிருந்தன.

நித்யா, உன் படத்தில் ஒரு தப்பு இருக்கிறது அம்மா. வாழ்வதற்குக் காரணம் என்பது ஏதோ நம்மைத் தூக்கிவிடுகிற சமாச்சாரம் என்று நீங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். காலில் கட்டிய கல்லும் காரணம்தான். என் பிள்ளைக்கு நான் கல். எனக்கு அவன்.

7

பெர்மிட் முடிய இரண்டு வாரம் இருந்தது. அந்த இரண்டு வாரமும் நாங்கள் வழக்கம்போல ரயிலில் போனோம், வந்தோம். அவன் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான்தான் படிக்கட்டில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் யோசித்தேன். நான் பரமக்குடி மாடி அறையில் மின்விசிறிக்குக் கீழே படுத்துக்கொண்டு அவன் போன் அணைந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அல்லது இங்கேயே இருந்து, ஒருநாள் ரயிலில் என் கண் முன்னாலேயே யாராவது அவனை எழுந்திரு என்று சொல்வார்கள். எந்தப் பக்கம் போனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. கம்பளி பின்னுகிற அம்மாவிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். அவளுக்கு இரண்டு பையன்கள். கேட்கவில்லை.

அலுவலகத்தில் அதே இளைஞர். கண்ணாடி மாற்றியிருந்தார். தங்குவதற்கு என்ன காரணம் என்றார். வழக்கமாக அவர் கேட்டு முடிக்கும் முன்பே சொல்லிவிடுவேன். அன்று வாய் வரவில்லை. காரணம் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டால் என் பிள்ளைக்கு அன்றைக்கே விடுதலை. விடுதலை என்றால் அந்தக் காடு. அவர் பேனாவைப் பிடித்தபடி, ‘அன்ட்டி, உடம்பு சரியில்லையா?’ என்று கேட்டார்.

மகன் என்றேன். முத்திரை விழுந்தது. இன்னும் ஒரு வருடம்.

வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தேன். ஒளித்துவைக்க எனக்கு மனசு வரவில்லை. சரவணன் அதை எடுத்துப் புரட்டி முத்திரையைப் பார்த்தான். தேதியைப் பார்த்தான். திரும்ப அதே இடத்தில் வைத்தான். யாபாதே என்றாவது சொல்லுவான் என்று நின்றேன். சொல்லவில்லை. தலையணையை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

‘படுங்க அமே. நாளைக்குப் பயிற்சித் தேர்வு இருக்கு.’

போகமுடியாத ஊருக்குத் தேர்வு. படுத்தேன். அவன் முறையாகத்தான் செய்தான். குனிந்து, உங்களைத் தொடப்போகிறேன், திருப்பிப் படுக்க வைக்கப் போகிறேன், சரிதானா என்று ஜப்பானிய மொழியில் கேட்டான். சரி என்றேன். என் கையை மார்பின் குறுக்கே வைத்தான். முழங்காலை மடக்கினான். தோளிலும் முழங்காலிலும் கை வைத்தான். கை சூடாக இருந்தது. பிறகு, இந்த மூன்று வருடத்தில் முதல்முறையாக, தன் பக்கம் இழுக்காமல் சுவர்ப் பக்கம் என்னைத் தள்ளித் திருப்பினான்.

தெரியாமல் செய்த தவறு இல்லை. அவனுக்குத் தூக்கத்தில் எழுப்பினாலும் அந்தப் பாடம் தெரியும். நான் விழுந்துவிடாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை அழுத்தி வைத்தான். போர்வையைச் சரிசெய்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்த சுவர். அவன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. என் முகமும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

கடைசியில் கேட்க வேண்டிய கேள்வியையும் விடாமல் கேட்டான். எங்கேயாவது வலிக்கிறதா?

அதற்குப் படுத்திருப்பவர் சொல்ல வேண்டிய பதிலும் எனக்கு மனப்பாடம்தான். தைஜோபு, ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன்.